படித்துக் காட்டியவரின் கையெழுத்து

என் மகளிடம் ஒரு மனுவைப் பொய்யாகப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். அது தன்னுடைய விவாகரத்து மனு என்று அவள் நம்பினாள். தாளில் இருந்தது வேறு. தன்னைக் கணவனோடு சேர்த்து வைக்கும்படி அவளே கோர்ட்டைக் கேட்டுக்கொள்ளும் மனு அது. தெலுங்கில் டைப் அடித்த ஆறு பக்கம். நான் படித்தேன், அவள் அழுதாள், கையெழுத்துப் போட்டாள். எனக்கு அப்போது எழுபத்தொரு வயது. தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி, புத்தூர் பக்கத்து ஜனங்களுக்கு இது எப்படி நடந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு வீட்டில் தமிழ். கடையில், பஸ்ஸில், ஆபீஸில் தெலுங்கு. பேச்சுக்கு இரண்டும் ஒன்றுதான். எழுத்து அப்படியில்லை. என் மகள் நகரியிலிருந்து ரயிலேறி திருத்தணிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்தவள். தமிழ் படிக்கட்டும் என்று நான்தான் அனுப்பினேன். அதன் பிறகு வேலூரில் கல்லூரி. தெலுங்கில் எங்கள் எல்லோரையும்விட வேகமாகப் பேசுவாள். ஒரு பஸ்ஸின் போர்டைப் படிக்க அவளுக்குப் பக்கத்து ஆள் வேண்டும்.

நான் ரெவின்யூ இலாகாவில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன். தெலுங்கு படிக்கத் தெரியாத தமிழ் விவசாயிகளுக்கு அவர்களுடைய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டுவது என் வேலைகளில் ஒன்று. படித்து முடித்ததும் அடியில் ஒரு வரி எழுதுவோம்: 'மேற்கண்டது தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது, சரியென்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்.' அதன் கீழே படித்துக் காட்டியவர் கையெழுத்துப் போட வேண்டும். சர்வீஸ் முழுவதும் ஒரு வரியைக்கூட நான் விட்டுப் படித்ததில்லை.

மகளைக் கார்வேட்டிநகரத்தில் கொடுத்தோம். மாப்பிள்ளையைப் பார்த்து முடிவு செய்ததும் நான்தான். மாந்தோப்பு, சொந்த வீடு, குடி கிடையாது. கல்யாணமாகி மூன்றாவது வருடம், சித்தூர் போகிற வழியில் சொல்லாமல் இறங்கி அவள் வீட்டுக்குப் போனேன். பகல் பதினொரு மணி. வாசல் கதவில் வெளியே பூட்டுத் தொங்கியது. யாரும் இல்லை என்று திரும்பும்போது ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"நைனா."

"இன்னாம்மா, வெளிய பூட்டு தொங்குது?"

"தினமும்தான். அவரு தோப்புக்குப் போகும்போது பூட்டிக்கினு போவாரு. மாமியார் பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காங்க. வெயில்ல வந்திருக்க, தண்ணி குடிக்கிறியா?"

கம்பி இடுக்கில் சொம்பு நுழையவில்லை. கையை ஏந்தச் சொல்லி உள்ளிருந்து ஊற்றினாள். குடித்தேன்.

"உன்கிட்ட சாவி இல்லியா?"

"சாவி இருந்தா எதுக்குப் பூட்டணும்?" என்று சிரித்தாள். "என்கிட்ட பேசி எட்டு மாசம் ஆவுது நைனா. இன்னா வேணும்னாலும் அவங்க அம்மா கிட்ட சொல்லுவாரு. அவங்க எனக்கு சொல்லுவாங்க."

"அடிக்கலியே?"

"அடிக்கல."

நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். மனைவி கேட்டபோது, நன்றாக இருக்கிறாள் என்றேன்.

அடுத்த வருடம் அவளே வந்துவிட்டாள். சர்டிபிகேட் பை ஒன்றுதான் கையில். இரண்டு மாதத்தில் திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை தேடிக்கொண்டு லேடீஸ் ஹாஸ்டலில் சேர்ந்தாள். விவாகரத்து வேண்டும், வக்கீல் மட்டும் பார்த்துக் கொடு என்றாள். கொஞ்சம் யோசித்துப் பார் என்றேன். "நாலு வருஷம் கதவுக்குப் பின்னாடி வேற இன்னா வேல இருந்துது எனக்கு?" என்றாள்.

திருப்பதியிலேயே வக்கீல் வைத்திருக்கலாம். சித்தூருக்கு இழுத்தது நான். அங்கே ஒரு வக்கீல் என்னை ஆபீஸ் நாட்களிலிருந்து அறிந்தவர், தமிழர், நான் சொன்னால் மறுக்காதவர். முதலில் தனியாகப் போய் அவரைப் பார்த்தேன்.

"சார், விவாகரத்துன்னு நேரா போகாம, சேர்ந்து வாழணும்னு ஒரு மனு போட்டுப் பாக்கலாம்" என்றார். "அவன் வந்து கூப்புட்டுக்கினா நல்லது. கோர்ட்டு உத்தரவு போட்டும் ஒண்ணு சேரலன்னா, ஒரு வருஷம் கழிச்சு அதையே வெச்சு விவாகரத்து கேக்கலாம். ஆனா மேடம் ஒத்துக்கணும்."

"அவ கிட்ட நான் பேசிக்கிறேன்."

"மனு இங்கிலீஷ்லயா, தெலுங்குலயா?"

"தெலுங்குல" என்றேன்.

இங்கிலீஷ் அவளுக்குப் படிக்க வரும். அதனால்தான் தெலுங்கு என்றேன். வக்கீலுக்கு அது தெரியாது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு ஜட்ஜ் கேட்டார், மகள் கேட்டாள், மனைவி இன்னும் கேட்கிறாள். மனுவைப் பார்த்து மாப்பிள்ளை மனம் மாறி வந்து அழைத்துப் போவான், பூட்டெல்லாம் சரியாகிவிடும், மகளும் ஒருநாள் என்னைப் புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். இது பாதி உண்மை. மீதி இது: என் தேர்வு தவறு என்று ஊருக்குத் தெரிவதை என்னால் தாங்க முடியவில்லை. எத்தனையோ வீட்டுத் தகராறுகளில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவன் நான்.

கையெழுத்துப் போட்ட அன்று வக்கீல் கோர்ட்டுக்குள் இருந்தார். குமாஸ்தா தாள்களை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்டாம்பு வாங்கப் போனார். மகளும் நானும் மட்டும். தாளில் இருந்த தெலுங்கின் அர்த்தம் இது: 'என் கணவர் என்னை எந்தக் குறையுமில்லாமல் வைத்திருந்தார். அவசரக் கோபத்தில் நான் வீட்டைவிட்டு வந்துவிட்டேன். அவரோடு வாழ விரும்புகிறேன்.' நான் அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வேறொன்றைச் சொன்னேன். காலையில் வெளியே பூட்டிவிட்டுப் போவார் என்றேன். எட்டு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை என்றேன். வெயிலில் வந்த தகப்பனாருக்கு ஜன்னல் கம்பி வழியாகக் கையில்தான் தண்ணீர் ஊற்ற முடிந்தது என்றேன். தட்டுத் தடுமாறாமல் வந்தது எனக்கு.

அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அத நீ மறந்துட்டேன்னு நெனச்சேன் நைனா" என்றாள். கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டாள். அடியில், படித்துக் காட்டியவர் என்ற இடத்தில், நான் போட்டேன்.

அதற்கப்புறம் அவளுக்கு வக்கீல்மேல் சந்தேகம் வர ஆரம்பித்தது. வராமல் எப்படி இருக்கும்? இவள் சந்தேகப்பட்டு நச்சரிக்கிறாள், என்னிடம் மட்டும் பேசுங்கள் என்று அவரிடம் நான் சொல்லி வைத்திருந்தேன்.

"அந்த ஆளு என்கிட்ட பேசவே மாட்டேங்கிறாரு" என்று போனில் சொன்னாள். "அப்பா கிட்ட சொல்லிட்டேம்மான்றாரு. கேஸ் எனக்கா, உனக்கா?"

"அவருக்கு நேரம் இருக்காதும்மா."

"மனு நகல் கேட்டா குமாஸ்தா நாளைக்குன்றான். அந்த நாள மூணு மாசமா சொல்லிக்கினு இருக்கான். எனக்கு நம்பிக்க இல்ல. வக்கீல மாத்திடலாம் நைனா."

"நடுவுல மாத்தினா கேஸ் கெட்டுப்போவும்."

அப்படியெல்லாம் கெட்டுப்போகாது என்று எனக்குத் தெரியும்.

அவள் யாரையும் கேட்காமல் ஒருநாள் லீவு போட்டுவிட்டுச் சித்தூர் கோர்ட்டுக்கே போய் நகலுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டாள். கையில் கிடைத்ததும் பரிசோதனை நிலையத்தில் கூட வேலை செய்யும் பெண்ணிடம் கொடுத்து, மதியம் டிபன் டப்பா திறக்கும் நேரத்தில் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். மனுவோடு கணவன் தரப்புப் பதிலும் இருந்தது. மனைவி கேட்டபடியே அழைத்துக்கொள்ளத் தயார், அடுத்த வாய்தாவில் கோர்ட்டு உத்தரவு போடலாம் என்று அவன் ஒப்புக்கொண்டிருந்தான். வாய்தாவுக்கு மூன்று வாரம் இருந்தது.

உடனே வரச் சொன்னாள். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய கூட்டத்துக்கு நடுவில், நகலை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நகலை என் முன்னால் விரித்தாள்.

"நீ படிச்சப்போ இது ஒண்ணும் இல்ல. கையெழுத்து கடைசித் தாள்ல மட்டும்தான வாங்குனாங்க? மீதி அஞ்சையும் அந்த வக்கீல் அப்புறம் மாத்திட்டாரு. அவங்க பக்கம் சேர்ந்துட்டாரு. அப்படித்தான நைனா?"

என்னைச் சந்தேகிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"இப்போ ஜட்ஜ் இன்னா சொல்லுவாரு? நீதான கேட்ட, அவன் வரேன்னுட்டான், போம்மான்னு சொல்லுவாரு. நான் திரும்ப அந்த வீட்டுக்குள்ள போவ மாட்டேன். எங்கியாவது விழுந்து சாவேனே தவிர போவ மாட்டேன்." உரக்கச் சொல்லவில்லை. ஜூஸ் கடைக்காரர் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

கூட வேலை செய்யும் பெண் மூலமாகத் திருப்பதியில் ஒரு பெண் வக்கீல் கிடைத்தார். தெலுங்குக்காரர், சின்ன வயது, எதையும் இழுத்துப் பேசாதவர். அவர் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். "பழைய வக்கீலுக்கு அழுதுகொண்டு போன் செய்யாதீர்கள். எதைக் கேட்பதானாலும் எழுத்தில் கேளுங்கள். வக்காலத்தை மாற்ற ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்குங்கள், கேஸ் கட்டை வாங்குங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் கோர்ட்டில் சொல்லலாம். வாய்தாவுக்கு முன்னால் அந்த மனுவைத் திரும்பப் பெற வேண்டும், அதுதான் அவசரம். கணவர் ஒப்புக்கொண்ட பிறகு காரணம் காட்டாமல் கேட்டால் எதிர்த்தரப்பு விடாது." பிறகு என்னைப் பார்த்தார். "படித்துக் காட்டியது நீங்கள். நீங்கள் படித்த மனு இது இல்லை, தாள் மாற்றப்பட்டிருக்கிறது என்று பிரமாணப் பத்திரம் கொடுங்கள். அதை வைத்து அந்த வக்கீல்மேல் பார் கவுன்சிலில் புகாரும் கொடுத்துவிடலாம்."

"நைனா குடுப்பாரு" என்றாள் மகள்.

கையெழுத்து வாங்க நான்தான் சித்தூர் போனேன். வக்கீல் மறுபேச்சு இல்லாமல் போட்டுக் கொடுத்தார். கேஸ் கட்டையும் நூலால் சுற்றித் தந்தார்.

"மேடமுக்குத் தெரிஞ்சுதான் போட்டோம்னு நெனச்சேன் சார். நீங்க பேசிட்டேன்னு சொன்னீங்க."

நான் கேஸ் கட்டைப் பைக்குள் வைத்தேன்.

"தாள மாத்திட்டேன்னு என்மேல புகார் வரப் போவுதாம். குமாஸ்தா கேள்விப்பட்டுக்கினு வந்தான். நான் பாக்காத கேஸ் இல்ல, என்மேல இப்படி ஒரு பேரு வந்ததில்ல. நீங்க ஒண்ணும் அப்படிச் சொல்லலியே?"

"இல்ல."

"அப்போ சரி. டீ சொல்றேன், குடிச்சிட்டுப் போங்க."

குடித்தேன். அவர்மேலும் தவறு இருந்தது. என் மகளிடம் நேரில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், எல்லாம் அங்கேயே நின்றிருக்கும். ஆனால் அவர் கேட்காமல் போனதற்குக் காரணம் என்மேல் வைத்திருந்த மரியாதை. அந்த டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு மூன்று நாள் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னால் மகள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் ஒரு மனிதர் பிழைப்புப் போய்விடும். அதோடு, என் கையெழுத்து அடியில் இருக்கும்போது தாள் மாறியது என்ற கதை கோர்ட்டில் நிற்குமா என்பதும் சந்தேகம். நிற்காவிட்டால் உத்தரவு வந்துவிடும். சொல்லாமல் எந்தப் பக்கம் போனாலும் அவள் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் போய் நின்றாள்.

வாய்தாவுக்கு ஐந்து நாள் முன்பு திருப்பதியில் பெண் வக்கீல் பிரமாணப் பத்திரத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். கையெழுத்துக்கு முன் உரக்கப் படித்தார். ஒரு வரியையும் விடாமல், என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தார். "சரியாக இருக்கிறதா?" என்றார். மகள் பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"சரியில்ல" என்றேன். "தாளை யாரும் மாத்தல. நான்தான் மாத்திப் படிச்சேன்."

வக்கீலுக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. தெலுங்கில் இன்னொரு முறை சொன்னேன். மகளுக்கு முதல் முறையே புரிந்துவிட்டது. பேனாவின் மூடியைத் திரும்பப் போட்டாள்.

"அப்போ அந்தப் பூட்டு, தண்ணி, அதெல்லாம்?"

"அது தாள்ல இல்ல."

"நீயா சொன்னதா?"

"ஆமா."

"எவ்ளோ நல்லா சொன்ன நைனா. நானே அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். உனக்கு எல்லாமே தெரிஞ்சுக்கினு இருந்திருக்கு."

கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் எழுந்து வெளியே போனாள். வக்கீல் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக டைப் அடிக்க ஆரம்பித்தார். நான் சொன்னதைச் சொன்னபடியே அடித்தார். கையெழுத்துப் போட்டேன்.

அன்று வீட்டில் மனைவியிடமும் சொன்னேன். "அவ கையெழுத்த நீயே போட்டிருந்தா கூட போவட்டும்னு உட்டிருப்பேன்" என்றாள். "அவ கையாலயே போட வெச்சியே."

வாய்தா அன்று சித்தூர் கோர்ட்டில் கூண்டில் ஏறினேன். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். என்னைப் பார்த்துக் கும்பிட்டான். அவனுடைய வக்கீல் கேட்டார்: "அன்னைக்கு சத்தியம்னு கையெழுத்துப் போட்டீங்க. இன்னைக்கும் சத்தியம்னு சொல்றீங்க. எதுங்க சத்தியம்? கிழமைய வெச்சு முடிவு பண்ணிக்கணுமா?" பின்னால் சிரித்தார்கள். பழைய வக்கீலும் அங்கே நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

ஜட்ஜ் ஏன் செய்தீர்கள் என்றார். பயத்தில் என்றேன். யாருக்குப் பயந்து என்றார். கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பொய்ச் சான்று கொடுத்ததற்கு உங்கள்மேல் வழக்கே போடலாம், வயதைப் பார்த்து விடுகிறேன் என்றார். மனுவைத் திரும்பப் பெற அனுமதித்தார். விவாகரத்துக்குப் புது மனு போட்டுக்கொள்ளலாம் என்று மகளிடம் சொன்னார். அவள் திரும்பிப் போக வேண்டிய உத்தரவு வரவில்லை. பழைய வக்கீல்மேல் புகாரும் போகவில்லை. வெளியே வராந்தாவில் அவரிடம் போய் நின்றேன். "இருக்கட்டும் சார்" என்றார், தலையைத் திருப்பிக்கொண்டு.

என்னால் முடிந்த பரிகாரம் அவ்வளவுதான். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தது மறுபடியும் என் முட்டாள்தனம்.

புது மனு திருப்பதியில் போட்டார்கள், இங்கிலீஷில். கதவு வெளியே பூட்டப்பட்டிருந்ததைக் கண்ணால் பார்த்த ஆள் நான் ஒருவன்தான். மாமியார் பூட்டே கிடையாது என்கிறாள். அக்கம்பக்கத்தவர்கள் எங்களுக்கு எதற்கு வம்பு என்கிறார்கள். நான் சாட்சி சொல்கிறேன் என்று பெண் வக்கீலிடம் போய்க் கேட்டேன். "வேண்டாம்" என்றார். "உங்கள் பெயரைச் சேர்த்தால் அவர்கள் சித்தூர் வாக்குமூலத்தை எடுத்து நீட்டுவார்கள். நீங்கள் சொல்கிற எதையும் இனி எந்த ஜட்ஜும் நம்ப மாட்டார். உங்களால் பூட்டு என்ற உண்மையும் பொய்யாகிவிடும்." மகளிடமும் கேட்டுப் பார்க்கும்படி சொன்னேன். சாட்சிப் பட்டியலில் என் பெயரை முதலில் அடிக்கச் சொன்னதே அவள்தான் என்றார்.

வழக்கு இரண்டாவது வருடமாக நடக்கிறது. 'என் கணவர் என்னை எந்தக் குறையுமில்லாமல் வைத்திருந்தார்' என்று அவள் கையெழுத்தோடு இருக்கும் தாளை ஒவ்வொரு வாய்தாவிலும் எதிர்த்தரப்பு காட்டுகிறது. அது திரும்பப் பெறப்பட்டது என்று ஒவ்வொரு முறையும் இவர்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் சில வாய்தாக்களுக்கு நானும் போய் வராந்தாவில் நின்றேன். ஒருநாள் மகள் என் அருகே வந்தாள். சித்தூருக்குப் பிறகு அவளாக வந்து பேசியது அன்றுதான்.

"நீ வராத நைனா. அவங்க வக்கீல் உன்ன காட்டிக் காட்டி சிரிக்கிறான். எனக்கு உள்ள நிக்க முடியல."

"சரிம்மா" என்றேன்.

"சாப்ட்டுட்டுப் போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இப்போது வாய்தா நாட்களில் வீட்டில்தான் இருக்கிறேன். மதியத்துக்கு மேல் மகள் கூப்பிட, மனைவியின் போன் அடிக்கும். அவள் அதை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். இங்கிருந்து கேட்டால் "ம்", "ம்" என்பது மட்டும்தான் கேட்கும். திரும்பி வந்து, தள்ளிப் போட்டிருக்காங்களாம் என்பாள். எந்தத் தேதிக்கு என்று சொல்ல மாட்டாள். நானும் கேட்பதில்லை.